தேசவழமையும் முதியோர் கைப்பொருளும்

முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூன்று சொற்களும் வழங்காத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஏடு தொட்டறியாத மூதாட்டியும், "இது என் தாய் தந்த சீதனக்காணி, அது அவருடைய முதுசொம், கிணற்றடித் துண்டு நாங்கள் இருவரும் தேடியது" என்று வேலிக்கு வேலி பிரித்துச் சொல்லுவாள். முன்னோர் வழியாக வந்த பொருள் முதுசொம். மணமகள் கொண்டு வந்தது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறம் நடத்துங் காலத்தில் ஈட்டியது தேட்டம். இவை மூன்றும் எவரிடமிருந்து வந்தன என்பதை மட்டும் காட்டும் பெயர்கள் அல்ல. எவரிடம் போகவேண்டும் என்பதையும் தம்முள்ளே அடக்கியவை.

இச்சொற்களுக்குப் பின்னே நிற்கும் சட்டத்தை நம் வாலிபர் அறிவது பெரும்பாலும் சீதனப் பேச்சு நடக்கும்போதும், சகோதரருக்குள் வழக்கு மூண்டபோதுமே. ஆதலால் தேசவழமை என்றால் சீதனச் சட்டம் என்று எண்ணுவோர் பலர். என் கருத்து வேறு. தேசவழமையை முதலிலிருந்து முடிவுவரை வாசிப்பவர்க்கு அது முதியோரைப் பற்றிய சட்டமாகவே தோன்றும். வயது சென்ற தாய் தந்தையர் கையில் எப்பொருள் இருத்தல் வேண்டும், அதனை எப்பொழுது விடலாம், விட்டபின் அவரைத் தாங்குவோர் யார் என்னும் வினாக்கள் அதன் நெடுகிலும் ஓடிக்கிடக்கின்றன. அவ்வினாக்களுக்கு நம் முன்னோர் கண்ட விடைகளையும், அவ்விடைகள் 3 நூற்றாண்டுக் காலத்தில் அடைந்த மாற்றங்களையும் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

1619இல் பறங்கியர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் பறங்கியரை ஓட்டிக் கோட்டையிற் குடிபுகுந்தனர். நீதித்தலங்களில் அமர்ந்த ஒல்லாந்த அதிகாரிகளுக்கு உரோம ஒல்லாந்தச் சட்டம் தெரியும், ஊர்வழக்கம் தெரியாது. ஒரே வகை வழக்கிற்கு இரண்டு வகைத் தீர்ப்பு வருதல் கண்டு மக்கள் முறையிட்டனர். அக்காலத்துத் தேசாதிபதியாகிய கொர்ணேலிஸ் யோவான் சீமன்ஸ் என்பார், இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதுமாறு 1706இல் கட்டளையிட்டார். அப்பணியை ஏற்றவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை. ஏறக்குறைய 37 ஆண்டு யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, குடிகளின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் அவர். 1707ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவர் தம் தொகுப்பை ஒப்படைத்தார். யான் பீறுஸ் என்பவர் அதனைத் தமிழாக்க, 12 முதலிமார் வாசித்துப் பார்த்து, தம் நாட்டு வழக்கம் இதுவே என ஒப்பமிட்டனர். ஒல்லாந்த மொழியிற் பிறந்து தமிழ் முதலிமாரின் கையொப்பம் பெற்றது நமது தேசவழமை.

அரசன் எவனும் இயற்றிய சட்டம் அன்று இது. நடந்து வந்ததை நடந்தவாறு எழுதிய குறிப்பு. அதனால் அதன் நடை சட்டநூலின் நடையாய் இராமல், அநுபவசாலி ஒருவர் இளையவர்க்குச் சொல்வதுபோல, "வழக்கம் இது; ஆனால் நடப்பது அது" என்று இடையிடையே தம் கருத்தையுங் கலந்து செல்லும். குறைகளும் உண்டு. ஒப்பமிட்ட 12 பேரும் காணி பூமி உடைய முதலிமார். அவர் வயலில் உழைத்தவரையோ, சீதனம் கொண்டு சென்ற பெண்களையோ எவரும் அழைத்துக் கேட்டிலர். அடிமைகளைப் பற்றியும் அந்நூலில் ஒரு பகுதி உண்டு. மனிதரை மாட்டோடும் காணியோடும் சேர்த்து எண்ணிய அப்பகுதியை வெட்கத்துடனன்றி வாசித்தல் இயலாது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அடிமைமுறையை முற்றாக ஒழித்ததோடு அப்பகுதி இறந்தொழிந்தது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் போற்றுதல் நம் கடன் அன்று.

நிற்க. ஆதியிலே இருந்த முறையை ஐசாக்ஸ் முதற்கண் கூறுகின்றார். தந்தையின் முதுசொம் ஆண்மக்களுக்கு. தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. இருவருந் தேடிய தேட்டம் ஆண் பெண் எல்லோருக்கும் சமபங்கு. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று, நடுவே இருவர்க்கும் பொதுவானது ஒன்று என மூன்று வாய்க்கால்களில் ஓடிய நீர் போல இருந்தது அம்முறை. பின்னர்ப் பல அரசுகள் மாறியதாலும், சிறப்பாகப் பறங்கியர் காலத்தில் பிலிப்பு மஸ்கறேனாஸ் என்பவர் அதிகாரஞ் செலுத்திய நாட்களிலிருந்தும், இவ்வாய்க்கால்கள் கலந்துவிட்டன என்கின்றார். மகளுக்குக் கொடுக்கும்போது பெற்றோர் இது முதுசொம், இது சீதனம், இது தேட்டம் என்று பாராமல் எதிலிருந்தும் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினர். கொடுத்த பின் மகள் அதனோடு அமைதல் வேண்டும். பெற்றோர் இறந்தபின் மிஞ்சிய பொருளில் அவளுக்கு உரிமை இல்லை. அது ஆண்மக்களைச் சேரும்.

இங்கே ஒன்றை உற்று நோக்குக. பிறநாட்டுச் சட்டங்களிற் குடும்பச் சொத்துப் பிரிவது மரணத்தின் பின். யாழ்ப்பாணத்தில் அது திருமணப் பந்தலிலேயே தொடங்கிற்று. மூத்த மகளுக்குச் சீதன ஓலை எழுதிய அன்றே தகப்பன் தன் சொத்தைப் பங்கிடத் தொடங்கிவிட்டான். இன்று செல்வந்தர் சட்டத்தரணிகளை வைத்து ஆலோசிக்கும் காரியத்தை, கமக்காரன் ஒருவன் பெண்ணின் மாமன்மாரையும் ஊர்ப் பெரியவரையும் வைத்துத் திண்ணையிலே முடித்தான். ஓலையிற் கண்ட காணியை மணமக்கள் 10 ஆண்டுக்குள் கையேற்று அநுபவிக்க வேண்டும். ஏற்காவிடின் அவ்வுரிமை போய்விடும். வெறும் வாக்குறுதி தலைமுறை தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிராமற் செய்த ஏற்பாடு இது.

ஆண்மக்களின் நிலை யாது? இக்காலத்து வாலிபர் கேட்டால் வியப்படைவர். மணமாகுமுன் மகன் உழைத்த உழைப்பெல்லாம் குடும்பப் பொதுவிற் சேர வேண்டும். அவன் தன் உடலில் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்கள் மாத்திரம் அவனுக்குச் சொந்தம். தாயுந் தந்தையும் உயிரோடிருக்கும்வரை அவர்தம் பொருளில் யாதொன்றையும் அவன் கேட்டல் ஆகாது. மணமுடித்து வேறு வீடு சென்றவனுக்கும் இவ்விதியே.

பாரததேசத்தின் பெரும்பகுதியில் வழங்கிய மிதாட்சர முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அங்கே மகன் பிறந்தபொழுதே குலச்சொத்தில் அவனுக்குப் பங்கு பிறந்துவிடும். தந்தை இருக்கும்போதே பிரித்துத் தா என்று அவன் கேட்கலாம். நாமும் இந்துக்கள், ஆயின் நம் வழக்கம் அவ்வாறு அமையவில்லை. இங்கே பிறப்பால் வரும் பங்கு இல்லை. பெற்றோர் கையிலிருந்த சாவியை அவர் கண் மூடும்வரை வாங்க எவருக்கும் அதிகாரம் இல்லை. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அறிஞர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களைப் பற்றி விரிவான நூல் எழுதிய நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா அவர்கள் முதலாக, மலையாளக் கரையின் தாய்வழி முறையோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் உளர். அவ்வாராய்ச்சிக்குள் நாம் புகவேண்டுவதில்லை.

உரிமை பின்னே வரும். கடமையோ முன்னே நின்றது. பெற்றோர் பட்ட கடனைத் தீர்ப்பது ஆண்மக்கள் பொறுப்பு. அவர் விட்டுச்சென்ற பொருள் ஒன்றும் இல்லையாயினும் அக்கடனுக்கு மக்களே பொறுப்பு என்கின்றது தேசவழமை. பெறும் சொத்தின் அளவுக்கே கடனும் என்னும் இக்காலக் கொள்கைக்கு இது மாறானது. தந்தையின் கடனை மைந்தன் தீர்த்தல் தருமம் எனத் தருமசாத்திரங்கள் விதித்ததன் நிழலை இவ்விடத்திற் காணலாம்.

இனி, என் கருத்தில் அந்நூல் முழுவதிலும் மிகக் கூர்மையான இடத்துக்கு வருவோம். பெற்றோர் முதுமையினாலும் தளர்ச்சியினாலும் தம் பொருளைத் தாமே பராமரிக்க இயலாத நிலை அடைந்தால் யாது செய்வது? அவரை வாழ்நாள் முழுதும் தாங்குவோம் என்னும் பொருத்தத்தின் பேரில், எஞ்சிய சொத்தை ஆண்மக்கள் தமக்குள் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்று ஐசாக்ஸ் எழுதுகின்றார். அத்தோடு நின்றாரல்லர். அவ்வாறு பிரிக்க இசைந்த பெற்றோர் பின்னர்த் துன்புற்றதையும், தமக்கு வேண்டுவதைத்தானும் அரிதாகவே பெற்றதையும் அநுபவம் பலமுறை காட்டியுள்ளது என்றும் சேர்த்துள்ளார். 37 ஆண்டு வழக்குக் கேட்ட ஒருவரின் வாயிலிருந்து வந்த சொல் இது. அவர் முன்னே எத்தனை கிழவரும் கிழவிமாரும் வந்து நின்றனரோ! முதலிமார் 12 பேரும் இவ்விடத்தை வாசித்தே ஒப்பமிட்டனர். இஃது எம்மூரில் நடவாது என்று மறுத்து எழுதிற்றிலர்.

அக்காலத்தில் எல்லாம் நன்றாயிருந்தது, பிள்ளைகள் பெற்றோரைத் தெய்வமாகப் போற்றினர், இக்காலத்திலேதான் கெட்டுவிட்டது என்று நம்மிற் பலர் மேடைகளிற் பேசுவதுண்டு. 1707ஆம் ஆண்டின் அந்த ஒரு பகுதி அப்பேச்சைப் பொய்யாக்கப் போதுமானது. பாசத்தை நம்பியே கட்டிய குடும்பத்தில் பாசம் சிலவேளை பொய்த்தது. அதனை அறிந்தபடியினாலேதான் சாவியைப் பெற்றோர் கையிலேயே வைத்திருக்க வழக்கம் வழி செய்தது.

கைம்பெண்ணின் நிலையிலும் இதே கருத்தைக் காணலாம். தந்தை முன்னே இறந்து தாய் இருப்பாளாயின், அவள் மறுமணம் செய்யாதவரையில் முழுச்சொத்தும் அவள் கையிலேயே இருக்கும். பெண்மக்களுக்குச் சீதனம் கொடுத்து மணமுடித்து வைப்பவளும் அவளே. ஆண்மக்கள் அவள் இறக்கும்வரை, அல்லது மறுமணம் செய்யும்வரை, பங்கு கேட்டல் இயலாது. கணவனின் முதுசொம் அவளுக்குச் சொந்தம் ஆகாது என்பது உண்மையே; ஆயினும் அடுப்பங்கரையில் ஒதுங்கிப் பிள்ளைகளின் முகம் பார்த்திருக்கும் நிலைக்கு வழக்கம் அவளைத் தள்ளவில்லை.

மனைவியை இழந்தவன் மறுதாரம் கொள்ள எண்ணினால் வேறு விதி. இறந்தவளின் தாய் தந்தையரோ நெருங்கிய இனத்தவரோ பிள்ளைகளை ஏற்று வளர்ப்பர். அப்பொழுது அவன் பிள்ளைகளோடு கூடவே இறந்தவளின் சீதனம் முழுவதையும், அவளோடு வாழ்ந்த காலத்துத் தேட்டத்திற் பாதியையும் ஒப்படைத்தல் வேண்டும். சிற்றன்னை வருமுன்னே பிள்ளைகளின் சோறு வேறாகப் பிரித்து வைக்கப்பட்டது.

பிள்ளையில்லாதார் செய்த ஏற்பாடு சுவையானது. பிறர் பிள்ளையை எடுத்துத் தம் உரித்தாளராக்க விரும்புவோர், ஊரவர் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடிப்பர். அதற்குமுன் அவர்க்கு உரித்தாளராக வரக்கூடிய இனத்தவர் அந்நீரில் விரல் தோய்த்துத் தம் சம்மதத்தைக் காட்டல் வேண்டும். விரல் தோய்க்க மறுத்தவரின் பங்கு அவருக்கே நிற்கும். பிள்ளை பெறுவது சம்மதித்தவர்களின் பங்கை மாத்திரமே. அப்பிள்ளை தன்னைப் பெற்றோரின் சொத்தில் உரிமை இழக்கும். கையெழுத்தறியாத மக்களிடையே ஒரு கிண்ணம் மஞ்சள் நீர் உறுதிப் பத்திரத்தின் வேலையைச் செய்தது. சாட்சிகளும் அங்கேயே நின்றனர். பின்னாளில் நொத்தாரிசு எழுதிய எத்தனையோ உறுதிகளிலும் இது தெளிவானது என்பேன்.

தானம் செய்யும் அதிகாரத்திற்கும் எல்லை இருந்தது. கணவன் தன் முதுசொத்தில் 10இல் 1 பங்கை மனைவி மக்களின் சம்மதமின்றிக் கொடுக்கலாம். அதற்கு மேற் கொடுத்தல் ஆகாது. பெற்றோர் கையிற் சாவி இருந்தது உண்மை. பெட்டியைத் தெருவிற் கொட்டும் உரிமை இருக்கவில்லை.

ஒல்லாந்தர் போய் 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அவர் தேசவழமைக்கு முழு வலுவுங் கொடுத்தனர். 1862இல் முத்துக்கிருஷ்ணா என்னும் சட்டவறிஞர் அதனை நீதிமன்றத் தீர்ப்புகளோடு சேர்த்துப் பதிப்பித்தார். ஆயினும் வலுக்கொடுத்த அதே கையாலேயே அவர் வேறு இரண்டு சட்டங்களையும் கொண்டுவந்தனர். அவை பழைய கட்டுக்கோப்பை ஓசையின்றித் தளர்த்தின.

முதலாவது, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் 2 சாட்சிகளும் வேண்டும் என்றது அது. ஓலையும் வாய்ச்சொல்லும் போய், முத்திரை இட்ட உறுதி வந்தது. மரணசாதனத்திற்கும் அச்சட்டமே விதி வகுத்தது: நொத்தாரிசும் 2 சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இன்றி 5 சாட்சிகள். இரண்டாவது, 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அடிமையொழிப்புச் சட்டத்தை அடுத்த இலக்கத்தைக் கொண்ட இச்சட்டம், ஒருவன் தன் பொருள் முழுவதையும் தான் விரும்பியவர்க்கு மரணசாதனத்தால் எழுதிவைக்கலாம் என்றது. 10இல் 1 என்ற எல்லை எங்கே, முழுவதும் என்ற சுதந்திரம் எங்கே!

இந்தச் சுதந்திரத்தால் நன்மை உண்டு. கொடுக்கப்பட்ட சீதனம் அற்பமாய்ப் போன மகளுக்குத் தந்தை பின்னர் ஏதேனும் எழுதி வைக்கலாம். தன்னைப் பராமரித்தவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். கோவிலுக்கோ பாடசாலைக்கோ தருமசாதனம் செய்யலாம். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் அத்தகைய தருமங்களைப் பரிபாலிக்கும் முறையையும் வகுத்தது. தீமையும் உண்டு. முன்னே முதியவரிடம் பிள்ளைகள் கேட்க ஒன்றுமில்லை, ஏனெனில் விதி நிச்சயமானது. இப்பொழுது கேட்கவும் நச்சரிக்கவும் ஒன்று உண்டாயிற்று. நோய்ப்படுக்கையைச் சுற்றிக் காகிதமும் பேனாவும் வந்தன.

மரணசாதனத்தைக் காட்டிலும் நம்மவர் பெரிதும் விரும்பியது நன்கொடை உறுதியை. காரணம் எளிது. மரணசாதனம் எழுதினால் இறந்தபின் நீதிமன்றம் செல்ல வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு. நன்கொடை உறுதியோ எழுதிய அன்றே முடிந்த காரியம். இங்கே நம் ஊர் நொத்தாரிசுமாரின் கையில் வளர்ந்த ஓர் ஏற்பாட்டைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. அது சீவிய உரித்து. தாய் தந்தையர் காணியை மகளுக்கு எழுதுவர். ஆயின் தாம் இருவரும் உயிரோடிருக்கும்வரை அதில் இருக்கவும், தேங்காயையும் பனம்பயனையும் எடுக்கவும், குத்தகைக்குக் கொடுக்கவும் உள்ள உரிமையைத் தமக்கே வைத்துக்கொள்வர். ஆட்சி மகளுக்கு, அநுபவம் பெற்றோர்க்கு. 1707இல் ஐசாக்ஸ் சுட்டிய நோய்க்கு இது சிறந்த மருந்து. கடைசி மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அவ்வீட்டிலேயே சீவிய உரித்தோடு வாழ்ந்து முடிந்த முதியோர் நம் ஊர்களில் எத்தனையோ பேர். மருமகன் எத்தன்மையனாயினும் படலைக்கு வெளியே போ என்று சொல்ல அவனால் முடியாது.

பேரப்பிள்ளைகள் காலம்வரை காணியை விற்கவொட்டாமற் கட்டிவைக்கும் பிடெய்கொமிஸ் என்னும் உரோம ஒல்லாந்த முறையும் நாட்டில் வழங்கிற்று. இறந்தவர் கை இருப்பவரின் காணியைப் பிடித்திருப்பது நெடுங்காலம் தகாது என்று கருதி, 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒழித்தது. அஃது ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

பங்கு பிரிவதால் வந்த கேட்டையும் இங்கே கூற வேண்டும். ஏறக்குறைய 16 பரப்பு ஓர் ஏக்கர். ஓர் ஏக்கர் தோட்டமுடையவனுக்கு 4 மக்கள் எனக் கொள்க. ஆளுக்கு 4 பரப்பு. அவர் ஒவ்வொருவர்க்கும் 4 மக்கள் எனின் பேரனுக்கு 1 பரப்பே. காணியைக் கூறுபோடலாம், கிணற்றைக் கூறுபோட முடியாது. ஆதலால் உறுதியிலே கிணற்றுப் பங்கும், வழிவாய்க்காற் பங்கும், இறைப்பு முறையும் எழுதப்பட்டன. மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு கிணற்றில் உள்ள பங்கைக் கணக்கிடப் பின்னக் கணக்கில் தேர்ந்தவனாலும் முடியாதுபோயிற்று. ஒரு பங்காளி தன் பங்கை விற்கும்போது முதலில் இனத்தவர்க்கும் பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும் என்னும் பழைய முன்விலையுரிமை, சிதறிய காணியை மீளச் சேர்ப்பதற்கு ஓரளவு உதவிற்று. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அயலாரை நீக்கி, பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டுமே அவ்வுரிமையை வைத்தது.

கணவன் மனைவியரின் உரிமையைத் திருத்தியது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாகவுரிமை, மரபுரிமைச் சட்டம். மனைவியின் தனி ஆதனம் அவளுடையதே என்று அது தெளிவாக்கிற்று. தேட்டத்தில் இருவர்க்கும் சமபங்கு என்றும், ஒருவர் இறப்பின் பாதி மற்றவர்க்கு, மறுபாதி இறந்தவரின் உரித்தாளர்க்கு என்றும் விதித்தது. ஒருவர் தம் முதுசொத்தை விற்று அப்பணத்தால் வாங்கிய காணியும் தேட்டமாகுமா என்று நீதிமன்றங்களில் நீண்ட வாதம் எழுந்தது. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம், தனி ஆதனத்தின் பணத்தால் வாங்கியது தேட்டம் ஆகாது என முடிவு செய்தது.

அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு ஒரு விலங்கையும் பூட்டிற்று. தன் சொந்தச் சீதனக் காணியையேனும் மனைவி விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். கணவன் எங்கேயென்று தெரியாத பெண்கள் நம் நாட்டிற் பெருகிய காலத்தில் இவ்விதியால் எத்துணைத் தொல்லை விளைந்ததென்று போர்க்காலத்தை அறிந்தவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கணவனுக்கு இத்தகைய தடை இல்லாதிருக்க, மனைவிக்கு மட்டும் வைத்தது எந்த நியாயம்?

இவையெல்லாம் எல்லாத் தமிழர்க்கும் பொருந்தா. வடபகுதியை நிலையான இருப்பிடமாக உடைய தமிழர்க்கே தேசவழமை. அவர் கொழும்பிற் குடியிருந்தாலும் அது அவரைத் தொடரும். மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறையோடு கூடிய முக்குவர் வழக்கம் முன்னே இருந்தது. இன்று மட்டக்களப்பாரும் மலைநாட்டாரும் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பொதுச்சட்டத்துக்கு உட்பட்டவர். அதன்படி மரணசாதனமின்றி இறந்தவரின் ஆதனத்திற் பாதி உயிரோடிருக்கும் துணைவர்க்கு. மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்கு. ஒரே சங்கத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு நண்பர்களின் பெற்றோர்க்கு இரு வேறு சட்டங்கள் இருத்தல் கூடும்.

போர் இவை எல்லாவற்றையும் நிலைகுலைத்தது. உறுதிகள் எரிந்தன, வேலிகள் மறைந்தன, ஒரு வீட்டின் உரித்தாளர் ஒருவர் வவுனியாவிலும், ஒருவர் தொறொன்ரோவிலும், ஒருவர் இலண்டனிலும் ஆயினர். 10 ஆண்டு தடையின்றி ஆண்டவர்க்கு ஆட்சியுரிமை தரும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், ஓடிப்போனவரின் காணியில் இருந்தவர்க்கு வாய்ப்பாக அமையலாம் என்னும் அச்சம் எழுந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு அக்காலத்தைக் கணக்கிற் சேராது விலக்கிற்று. காணியை விட்டுச் சென்ற முதியோர் பலர் அதற்குள் இறந்துவிட்டனர் என்பதையும் மறத்தற்கில்லை.

ஊரில் எஞ்சிய முதியோரின் துன்பம் வேறு வகையது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு உதவியாகட்டும் என்றோ, வீசாவுக்குப் பத்திரம் வேண்டும் என்றோ, சகோதரருக்குள் பின்னர்ச் சண்டை வேண்டாம் என்றோ, சீவிய உரித்தும் வைக்காமல் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் முதியோர் இல்லத்தின் வாசலில் நின்ற பலரின் கதைகளை நாம் அறிவோம். சீவிய உரித்து வைத்தால் மகன் மனம் நோவான் என்று கூசுவோரும் உளர். மனம் நோவான் என்று இப்பொழுது தோன்றுமாயின், அதுவே அதனை வைப்பதற்குப் போதிய காரணம் அன்றோ?

அரசு இத்துன்பத்தைக் காணாதிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடல் ஆகாது என விதித்து, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிப் பராமரிப்புச் சபையின் முன் செல்ல வழி செய்தது. கொடுத்ததை மீளப்பெறும் வழியை 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வகுத்தது. மீட்கமுடியாது என்று எழுதிய நன்கொடை உறுதியையும், பெற்றவர் காட்டிய பெரும் நன்றிகேட்டைக் காரணமாகக் காட்டி நீக்குமாறு மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். நன்றிகேடு என்பது சட்டப் புத்தகத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஐசாக்ஸ் எழுதி 310 ஆண்டு கழிந்தபின் இயற்றப்பட்ட சட்டம் அது.

ஆயினும் 80 வயதில் ஒரு தாய் தன் மகனுக்கு எதிராக வழக்காளியாய் நீதிமன்றப் படியேறி, அவன் நன்றி கெட்டவன் என்று சாட்சி சொல்லி நிரூபிப்பது எளிதன்று. பெரும்பாலோர் ஏறவும் மாட்டார். சீவிய உரித்து வைத்த உறுதியில் அந்தத் தாய்க்குச் சாட்சி வேண்டியதில்லை, வழக்கும் வேண்டியதில்லை. மரணசாதனமாயின் அவள் உயிரோடிருக்கும்வரை எத்தனை தரமும் மாற்றி எழுதலாம். உறுதி எழுதும் அன்று நொத்தாரிசு வாசித்துக் காட்டும்போது அதனை முழுவதும் கேட்டு, சீவிய உரித்து எழுதப்பட்டிருக்கின்றதா என்று கேட்டறிந்து கையொப்பமிடுதல் பெரியோர் செய்யத்தக்கது. வாலிபர் உடனிருந்தால், அவ்வினாவைத் தாய் தந்தையர் கூசிக் கேளாதிருப்பின், அவர்க்காகத் தாமே கேட்டுவிடலாம்.